நாய்க்கு அலர்ஜி மாத்திரை: வருடக்கணக்கில் கொடுக்கலாமா?

கேள்வி, 2023 ஜூன் 3, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து:

"எங்கள் லாப்ரடாருக்கு ஆறு வயது. இரண்டு வருடமாகத் தினமும் அப்போக்வெல் மாத்திரை. நிறுத்தினால் மூன்றாம் நாளே காலைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறான். ஆயுசு முழுக்கக் கொடுக்கலாம், பயமில்லை என்கிறார் டாக்டர். இது கேன்சர் கொண்டுவரும் மாத்திரை, இதை நிறுத்திவிட்டுப் பழைய ஸ்டீராய்டுக்கே போ, அது காலங்காலமாகப் பழகிய மருந்து என்கிறாள் நாத்தனார். யார் பேச்சைக் கேட்பது?"

பதில், 2023 ஜூன் 3, இரவு

நாத்தனார் சொன்னதில் முதல் பாதியை உட்கார்ந்து பேசலாம். இரண்டாம் பாதியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

எங்கள் நாய் செல்லி ஸ்டாஃபி (ஸ்டாஃபர்ட்ஷையர் புல் டெரியர்) கலப்பு. 17 கிலோ. வரிப்புலி உடம்பு, நான்கு பாதமும் வெள்ளை. அந்த வெள்ளைப் பாதம்தான் எனக்கு மீட்டர் மாதிரி. நக்க ஆரம்பித்தால் எச்சில் பட்டுப் பட்டு முடி செம்பழுப்பாகிவிடும். இரவு எல்லோரும் படுத்த பிறகு, கட்டிலுக்குக் கீழே விரலிடுக்கைப் பல்லால் நெருடும் சத்தம் கேட்கும். அரிப்பு நாய் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

இரண்டு வயதில் தொடங்கியது. அப்போது போய்க்கொண்டிருந்த கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒரு ஊசி. "அரிப்பு ஊசி" என்பார்கள், அவ்வளவுதான். போட்ட மறுநாள் நாய் புத்தம் புதிதாகிவிடும். அப்புறம் சில வாரத்தில் பழையபடி. அது உடம்பில் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு என்று, வேறொரு டாக்டர் பழைய ரசீதுகளைப் புரட்டிப் பார்த்துச் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரியும்.

அதற்குள் செல்லி வேறு நாயாகிவிட்டாள். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வைத்துத் திரும்பினால் காலி. ராத்திரி இரண்டு முறை வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டூப்பில் (வாசல் திண்ணையில்) குளம். பசி என்றால் அப்படி ஒரு பசி. சாமிக்கு வைத்த வாழைப்பழத்தைத் தோலோடு விழுங்கினாள். வயிறு தொங்கிப்போய், தலைச் சதை வற்றி, தடவினால் மண்டை எலும்பு கையில் முட்டியது. பெரிய வியாதி ஏதோ வந்துவிட்டது என்று பயந்தோம். வந்தது மருந்தினால். வெளியிலிருந்து ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டே இருந்தால் குஷிங் என்கிற நிலை வரும். பாடப்புத்தகத்தில் உள்ளது அத்தனையும் எங்கள் வீட்டு ஸ்டூப்பில் நடந்தது.

2023 ஜூன் 4

இன்னொன்று. "காலங்காலமாகப் பழகிய மருந்து" என்பது உண்மைதான். பழகியதால்தான் அது செய்யும் கெடுதல் இவ்வளவு நன்றாகத் தெரியும்: சர்க்கரை வியாதி, தோல் மெலிவு, சதை வற்றுதல், காய்ச்சல் வலி எதுவும் காட்டாமல் உள்ளுக்குள் இருக்கும் மூத்திரத் தொற்று, சில நாய்களுக்குத் தோலில் சுண்ணாம்பு படிதல்.

அதற்காக ஸ்டீராய்டை விஷம் என்று நான் சொல்லவில்லை. காது வீங்கி அடைத்துக்கொண்டு வலியில் தலையைச் சாய்த்து நிற்கிற நாய்க்கு ஒரு வாரம் பிரெட்னிசோலோன் கொடுத்துப் பாருங்கள், அதற்கு ஈடு கிடையாது. குறைந்த அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கொண்டுபோக முடிந்தால் சில நாய்கள் வருடக்கணக்கில் சமாளிக்கவும் செய்கின்றன. என் கோபம் பேர் சொல்லாமல், கணக்கு வைக்காமல் போடும் ஊசி மீது. மாத்திரை என்றால் குறைக்கலாம். உள்ளே போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

நீண்ட நாள் கொடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

2023 ஜூன் 10

அப்போக்வெல் பக்கம் வருகிறேன். மருந்தின் பெயர் ஒக்லாசிட்டினிப். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது 2013 மே மாதம். சைட்டோகைன் என்பது உயிரணுக்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் புரதம். அரிப்பைத் தூண்டும் சில சைட்டோகைன்கள் (ஐஎல்-31 அதில் முக்கியமானது) உயிரணுவுக்குள் செய்தி அனுப்ப ஜேக்-1 என்ற நொதி வேண்டும். இந்த மருந்து அந்த நொதியை மறிக்கிறது. வாயில் போட்ட சில மணி நேரத்தில் அரிப்பு அடங்குவது அதனால்தான். ஸ்டீராய்டு போல உடம்பு முழுக்கக் கை வைக்காது. அந்தத் தாகம், பசி, தொங்கும் வயிறு இதில் பொதுவாக வராது.

ஆனால் அந்தச் சைட்டோகைன்கள் அரிப்புக்காக மட்டும் இருப்பவை அல்ல. நோயை எதிர்ப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. பயம் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. மருந்தோடு வரும் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது, ரகசியம் ஒன்றும் இல்லை: 12 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குக் கொடுக்காதே, கடுமையான தொற்று இருக்கும் நாய்க்குக் கொடுக்காதே, தொற்று எளிதில் வரலாம், டெமோடெக்ஸ் என்ற சொறிப்பூச்சி தலைதூக்கலாம், ஏற்கெனவே உள்ள புற்றுக்கட்டி மோசமாகலாம். குட்டிக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதியதற்குக் காரணம், சோதனையில் அதிக அளவு கொடுத்த குட்டிகளுக்கு டெமோடெக்ஸும் நிமோனியாவும் வந்ததுதான்.

அளவு: ஒரு கிலோ எடைக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம். முதல் 14 நாள் வரை வேண்டுமானால் இரண்டு வேளை. அதற்குப் பிறகு ஒரு வேளைதான்.

2023 ஜூன் 11

மேலே கடைசியில் எழுதிய வரியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டர்பன் பீனிக்ஸ் பக்கத்து அண்ணன் ஒருவர், "ஒரு வேளைக்குக் குறைத்தால் சாயங்காலம் சொறிய ஆரம்பிக்கிறது, நான் ஆறு மாதமாக இரண்டு வேளைதான் கொடுக்கிறேன், நாய் ஜம்மென்று இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

அண்ணா, நாய் ஜம்மென்றுதான் இருக்கும். ஒரு வேளை கொடுக்கும்போது ராத்திரி முழுக்க மருந்து இறங்கி, உடம்பின் காவல் வேலை திரும்ப நடக்க இடைவெளி கிடைக்கிறது. இரண்டு வேளை என்றால் அந்த இடைவெளி போய்விடும். "நீண்ட நாள் கொடுத்துப் பார்த்தோம், பரவாயில்லை" என்று யார் சொன்னாலும் அது ஒரு வேளைக் கணக்கு. உங்களுடையது அந்தக் கணக்கில் சேராது. சாயங்காலம் சொறிகிறது என்றால் வேறு ஏதோ இருக்கிறது. தெள்ளுப்பூச்சியா, காதில் ஈஸ்ட் பூஞ்சையா, தோலில் கிருமியா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வேளையிலிருந்து ஒன்றாகக் குறைக்கும்போது சில நாய்களுக்கு அரிப்பு கொஞ்சம் ஏறுவதும் உண்டு. சில நாள் பொறுத்தால் பெரும்பாலும் தணியும்.

2023 ஜூன் 17

கேன்சர். எல்லோரும் இதைத்தான் கேட்கிறீர்கள்.

2015-இல் வந்த ஒரு ஆய்வில் 247 நாய்களை, சிலவற்றை 630 நாள் வரைக்கும், இந்த மருந்திலேயே வைத்துக் கவனித்தார்கள். வாந்தி, மூத்திரத் தொற்று, காதுத் தொற்று, தோல் தொற்று எல்லாம் வந்தன. சில கட்டிகளும் வந்தன. பெரும்பாலான நாய்களின் வாழ்க்கை நன்றாக இருந்தது என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

2020-இல் வந்த இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஒக்லாசிட்டினிப் சாப்பிட்ட 339 அலர்ஜி நாய்களையும், அதைச் சாப்பிடாமல் வேறு வைத்தியம் பார்த்த 321 அலர்ஜி நாய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புற்றுநோயிலோ, இறந்த வயதிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஃபேஸ்புக்கில் படிக்கிற கதைகளைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை சாப்பிட்ட நாய்க்குக் கட்டி வந்திருக்கும், செத்தும் போயிருக்கும். ஆனால் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டி வருகிறது. ஸ்டாஃபி, பாக்ஸர் ஜாதிகளுக்கு மாஸ்ட் செல் கட்டி (தோலில் வரும் ஒருவகைப் புற்று) வரும் வாய்ப்பு மாத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதிகம். அலர்ஜி அதிகம் வருவதும் அதே ஜாதிகளுக்குத்தான். இரண்டும் ஒரே நாயில் சேரும்போது மாத்திரை தலையில் பழி விழுகிறது.

2023 ஜூன் 18

"அந்த 247 நாய் ஆய்வை எழுதியவர்கள் மருந்துக் கம்பெனி ஆட்களாச்சே" என்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு தங்கை. ஆமாம். அதுபோக அதில் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து சாப்பிடாத கூட்டமும் கிடையாது. அதனால்தான் இரண்டாவதை முக்கியம் என்றேன். அதுவும் பழைய ஏடுகளைப் பின்னோக்கிப் புரட்டிய ஆய்வு, அப்படிப்பட்டவற்றுக்கு உள்ள குறை அதற்கும் உண்டு. அரிதாக வரும் ஒரு புற்று கொஞ்சம் கூடியிருந்தால் அறுநூற்றுச் சொச்சம் நாய்களில் அது கண்ணில் படாமலே போகலாம்.

ஜேக் நொதியை மறிக்கும், மனிதர்களுக்கான மருந்துகளைப் பாருங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோஃபாசிட்டினிப் வகையறாவுக்கு, இதய நோய், ரத்தக்கட்டி, புற்றுநோய் பற்றிய கடும் எச்சரிக்கையை எஃப்டிஏ 2021-இல் விரிவாக்கியது. அது ஐம்பது வயது தாண்டி, இதய நோய்க்கு ஏதுவான மனிதர்களிடம் பார்த்த விஷயம். நாய்க்கு அப்படியே பொருத்த முடியாது. எனக்கு அதனால் தூக்கம் போகவில்லை. ஆனாலும் செல்லியைக் குளிப்பாட்டும்போது காதிலிருந்து வால்வரை விரலால் அழுத்திப் பார்ப்பதை அதற்குப் பிறகு நான் விட்டதில்லை.

2023 ஜூலை 2

ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டவர்களுக்கு: எங்கள் இப்போதைய டாக்டர் மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று எடுக்கிறார். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், அதோடு மூத்திரம். வயதான நாய் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ரத்தம் மட்டும் எடுத்து மூத்திரத்தை விட்டுவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

ஸ்டாஃபியிடம் மூத்திரம் பிடிப்பது ஒரு தனிக்கலை. நீளக் கரண்டியைக் கம்பில் கட்டிக்கொண்டு காலையில் பின்னாலேயே நடந்தேன். பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன தம்பி, நாய்க்கு சோறு ஊட்டுறியா?" என்றார்.

2023 ஆகஸ்ட் 13

சைட்டோபாயின்ட் ஊசி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அது லோகிவெட்மாப் என்ற ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்). ஐஎல்-31 ஒன்றை மட்டும் பிடித்துக் கட்டிப்போடும், மற்றதைத் தொடாது. 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். உடம்பு தன் புரதங்களைப் போலவே அதையும் சிதைத்துவிடுகிறது, கல்லீரலுக்குச் சுமை இல்லை. வயதான நாய், கட்டி வந்த நாய், ஏற்கெனவே பல மருந்து சாப்பிடும் நாய் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். 2013-க்குப் பிறகு வந்ததிலேயே பயம் குறைவானது இதுதான் என்று நினைக்கிறேன்.

சிக்கல்: சில நாய்களுக்குப் பலிப்பதே இல்லை. தோல் வீங்கிச் சிவந்து போயிருந்தால் அரிப்பு மட்டும் குறையும், வீக்கம் அப்படியே இருக்கும். செல்லிக்கு முதல் ஊசி அருமை, அடுத்தடுத்தவை சுமார். மாத்திரைக்குத் திரும்பிவிட்டோம்.

இந்த 2023-இல் நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் லோட்ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு. மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிற வரத்துக்கு, கிளினிக்கின் மருந்து ஃபிரிட்ஜுக்கு இன்வர்ட்டர் இருக்கிறதா என்று நான் நேராகவே கேட்டேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் முறைத்தாள். டாக்டர் வெளியே வந்து, நல்ல கேள்வி என்று சொல்லிக் கூட்டிப்போய்க் காட்டினார்.

2023 செப்டம்பர் 24

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் கறி மீன் கிடையாது. செல்லியின் மாத்திரையோ வருடம் முழுக்கப் பொலோனி என்கிற இறைச்சித் துண்டுக்குள் ஒளிந்து போகும் மாத்திரை. அம்மா பொலோனியை ஃபிரிட்ஜ் பக்கமே விடமாட்டேன் என்றுவிட்டார். சீஸில் வைத்தேன். சீஸைச் சுத்தமாக நக்கி எடுத்துவிட்டு, மாத்திரையை மட்டும் சோபாவுக்குப் பின்னால் துப்பியிருக்கிறாள். பீநட் பட்டரில் வைத்ததும் போயிற்று.

பீநட் பட்டர் வாங்கினால் டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் போட்ட வகை உண்டு. அது நாய்க்குச் சர்க்கரையைச் சரித்து, கல்லீரலையும் கெடுத்து, உயிரையே எடுக்கும். மாத்திரையின் பக்கவிளைவுக்குப் பயந்துகொண்டே இதில் விழுந்துவிடாதீர்கள்.

2023 அக்டோபர் 8

"இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், வேப்பிலை அரைத்து மஞ்சளோடு பூசுங்கள்" என்று டோங்காட்டிலிருந்து ஒரு பெரியம்மா. பெரியம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒரு விஷயம் சொல்கிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் வேம்பு என்று சொல்லிக் கொத்துக் கொத்தாக ஒடித்துப் போகும் மரம் வேம்பே அல்ல. அது சிரிங்கா, ஊரில் மலைவேம்பு என்பார்கள். குவாசுலு-நட்டால் மாகாணத்தில் களை மாதிரி முளைத்துக் கிடக்கிறது. அதன் மஞ்சள் பழம் நாய்க்கு விஷம். வாந்தி, நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகும். அதை அரைத்துப் பூசினால் நாய் நக்கத்தான் செய்யும்.

மஞ்சள் பூசினால் தப்பில்லை. பயனும் இல்லை. நாய் மஞ்சளாகும், சோபா மஞ்சளாகும்.

மனிதர்கள் போட்டுக்கொள்ளும் செட்டிரிசைன் மாத்திரை கேட்டவருக்கும் இதே இடத்தில் பதில்: ஆபத்து குறைவு, பலனும் குறைவு. அது மறிப்பது ஹிஸ்டமின் என்ற பொருளை, நாய்களின் அரிப்பில் அதன் பங்கு சின்னது. கொடுத்துப் பார்ப்பதானால், ஜலதோஷத்துக்கு விற்கும் சூடோஎஃபெட்ரின் சேர்த்த வகையை எடுத்துவிடாதீர்கள். அது நாயைக் கொன்றுவிடும்.

2023 டிசம்பர் 10

டர்பனில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தாயிற்று. எல்லோர் நாயும் சொறிகிறது.

இந்த இழையில் மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். செல்லியின் மாத்திரை பாதியானது எதனால் என்று நான் சொல்லவே இல்லை. மூன்று காரியம் செய்தோம். தெள்ளுப்பூச்சி மாத்திரையைக் குளிர்காலத்திலும் விடாமல் கொடுத்தோம், ஏனென்றால் கடற்கரைப் பக்கம் தெள்ளுப்பூச்சிக்குக் குளிர்கால விடுமுறை கிடையாது. அலர்ஜி நாய்க்கு இரண்டு கடி போதும். அடுத்து, வேலியோரம் நிழலில் படர்ந்திருந்த டிராடெஸ்கான்ஷியா கொடியை வேரோடு பிடுங்கினோம். அதன் மேல் புரண்டால் முடியில்லாத அடிவயிறு சிவந்து தடித்துவிடும். எப்படியும் அது இந்த நாட்டில் ஒழிக்கச் சொல்லிப் பட்டியலில் போட்ட களைதான். மூன்றாவது, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி ஷாம்பூ வாராவாரம், பத்து நிமிடம் ஊறவைத்து. அந்தப் பத்து நிமிடம் ஸ்டாஃபி நம்மைப் பார்க்கும் பார்வையைத் தாங்கத் தைரியம் வேண்டும்.

அப்புறம் ஒமேகா-3 எண்ணெய். இரண்டு மாதமாவது கொடுத்தால்தான் தெரியும். அதிசயம் நடக்காது, மருந்தின் அளவைக் கொஞ்சம் இறக்க உதவும்.

உணவு அலர்ஜியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, குறைந்தது எட்டு வாரம் ஒரே விதமான உணவு, வேறொரு துளி கூடாது. எங்கள் வீட்டில் அது நடக்கவே இல்லை. மேசைக்குக் கீழே சமூசா கொடுக்கும் கை யாருடையது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

2024 பிப்ரவரி 4

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அன்பர் எழுதியது மனதை வருத்துகிறது. அவர் நாய் பிலியரியில் போய்விட்டது. "அப்போக்வெல்தான் கொன்றது" என்கிறார்.

பிலியரி உண்ணியால் வருவது. பாபீசியா ராஸி என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து உடைக்கும். தென்னாப்பிரிக்காவில் உள்ள வகை உலகிலேயே முரடானது. மாத்திரையே தொடாத நாய்கள் வருடா வருடம் இதில் சாகின்றன. மாத்திரை சாப்பிடும் நாயின் உடம்பு எதிர்த்து நிற்பதில் கொஞ்சம் பின்தங்கியிருக்குமா என்றால், இருக்கலாம். இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இந்த மாத்திரை சாப்பிடும் நாய்க்கு உண்ணி மருந்து ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. நாய் திடீரென்று சோர்ந்து சாப்பிடாமல் கிடந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூத்திரம் காபி நிறத்தில் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

உண்ணி மாத்திரைகளுக்கும் எச்சரிக்கை உண்டு. 2018 செப்டம்பரில் எஃப்டிஏ, ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு வலிப்பு, நடுக்கம் கொண்டுவரலாம் என்று அறிவித்தது. வலிப்பு வரலாறு உள்ள நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எங்கள் ஊரில் பிலியரியை நினைத்தால், வலிப்பு இல்லாத நாய்க்கு நான் இரண்டு முறை யோசிக்க மாட்டேன்.

2024 மார்ச் 17

சைக்ளோஸ்போரின் (அட்டோபிக்கா) பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். அப்போக்வெல்லுக்குப் பத்து வருடம் முன்பே வந்தது. வேலை செய்யத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வாந்தியும் பேதியும் சகஜம். சில நாய்களுக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும். பொறுமையுள்ள வீட்டுக்கு நல்ல மருந்து. எங்கள் வீட்டில் அந்தப் பொறுமை நாய்க்குத்தான் உண்டு.

அலர்ஜியின் வேரையே தொடுவது என்றால், எதற்கு அலர்ஜி என்று சோதித்து அதையே சிறுகச் சிறுக ஊசியாகவோ நாக்குக்கடியிலோ கொடுத்துப் பழக்கும் வைத்தியம் ஒன்றுதான். வருடம்கூட ஆகலாம், பாதிக்குமேல் நாய்களுக்குக் கைகொடுக்கிறது. நாலைந்து வயதுக்குள் இருக்கும் நாய், முன்னால் இன்னும் பத்து வருடம் மாத்திரை இருக்கிறது என்றால், தோல் நிபுணரிடம் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்களுக்கு ஓண்டர்ஸ்டெபூர்ட் இருக்கிறது. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான்.

2024 அக்டோபர் 20

புதிய செய்தி. போன மாதம் அமெரிக்காவில் ஜென்ரேலியா என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இலுனோசிட்டினிப், இதுவும் ஜேக் வகைதான். அனுமதி கிடைத்தபோது தாளின் மேலேயே கட்டம் போட்டு இருந்த எச்சரிக்கை: தடுப்பூசிக்குக் குறைந்தது 28 நாள் முன்பே மருந்தை நிறுத்து, போட்ட பிறகும் 28 நாள் கொடுக்காதே. இல்லாவிட்டால் தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகலாம், உயிருள்ள கிருமி வைத்துச் செய்த தடுப்பூசியே நோயைக் கொண்டுவரவும் செய்யலாம்.

குவாசுலு-நட்டாலில் இருந்துகொண்டு இதைப் படித்தால் சும்மா இருக்க முடியுமா? இங்கே நாய்வெறி ஊரோடு தங்கிவிட்ட நோய். நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போடுவது இந்நாட்டில் சட்டம். அரிப்பு அடங்க வேண்டும் என்று ரேபிஸ் பாதுகாப்பைப் பணயம் வைக்க நான் தயாரில்லை.

உடனே "அப்போ அப்போக்வெல்லையும் ஊசிக்கு முன்னால் நிறுத்தணுமா" என்று கேட்பீர்கள். அதன் தாளில் அப்படி ஒரு கட்டம் இல்லை. தடுப்பூசி போட்ட குட்டிகளுக்கு வழக்கத்தைவிட மூன்று மடங்கு கொடுத்துப் பார்த்த சோதனையில் பெரும்பாலானவற்றுக்கு எதிர்ப்பு போதுமான அளவு வந்திருக்கிறது. எங்கள் டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. ஊசியை மட்டும் குளிர்காலத்துக்கு நகர்த்தினார், செல்லிக்கு அரிப்பு குறைந்து மாத்திரையும் குறைந்திருக்கும் நேரம் அது. எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது.

2025 மே 18

செல்லிக்கு விலாவில் ஒரு கட்டி. குளிப்பாட்டும்போது கையில் பட்டது. பட்டாணி அளவு, உருண்டு நகர்ந்தது. அன்றிரவு நானும் ஃபேஸ்புக்கில் போய் எல்லாவற்றையும் படித்தேன், மேலே அவ்வளவு எழுதியிருந்தும்.

டாக்டர் ஊசியால் குத்தி உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார். கொழுப்புக் கட்டி. ஆபத்தில்லை. மாத்திரையை நிறுத்தவா என்று கேட்டேன். "நிறுத்தினால் என்ன செய்வாய்?" என்று திருப்பிக் கேட்டார். பதில் இல்லை. திரும்ப அந்த ஸ்டீராய்டு ஊசிக்குப் போக மாட்டேன், ராத்திரி முழுக்கக் காலைக் கடிக்கவிடவும் மாட்டேன். கட்டியின் அளவை எழுதிவைத்து மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னார். கெட்ட கட்டியாக இருந்திருந்தால் சைட்டோபாயின்ட்டுக்கு மாற்றியிருப்பேன் என்றும் சொன்னார்.

2025 மே 25

வயது ஏறிய நாய்களுக்கு இன்னொரு கவனம், இதுவரை விட்டுப்போன ஒன்று. மூட்டுவலிக்கு மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் கொடுப்பார்கள். அதோடு ஸ்டீராய்டு சேரவே கூடாது. வயிற்றில் புண் வந்து ஓட்டையே விழலாம். அப்போக்வெல்லோடு கொடுப்பதில் அந்தச் சண்டை இல்லை. இரண்டு டாக்டரிடம் காட்டுகிறவர்கள் இரண்டு பேரிடமும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள். டப்பாக்களைப் பையில் போட்டு எடுத்துப் போவது உத்தமம்.

2025 ஜூன் 8

விலை தாங்கவில்லை என்று நிறையப் பேர். மாத்திரை 3.6, 5.4, 16 மில்லிகிராம் என மூன்று அளவில் வருகிறது, நடுவில் கோடு போட்டிருக்கும், பாதியாக உடைக்கலாம். எங்கள் கிளினிக்கில் மூன்றுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். செல்லி எடைக்கு 16-இல் பாதி, அதனால் ஒரு டப்பா இரண்டு டப்பா காலத்துக்கு வருகிறது. உங்கள் நாயின் எடைக்கு எப்படி உடைத்தால் சரியான அளவு வரும் என்று டாக்டரிடம் கேளுங்கள். நாயை அன்றைக்கு எடை போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள், ஏட்டில் இருக்கும் பழைய எடையை வைத்து வேண்டாம். உடைத்த பாதியைச் சட்டைப் பையில் போட்டு மறந்து, சட்டை வாஷிங் மெஷினுக்குப் போய்விட்டால் அந்தக் காசு போனதுதான். டப்பாவிலேயே திரும்பப் போட்டு மூடுங்கள்.